சாவுக்கென்று வைத்திருந்த சொற்கள்

மாத்தளைக் கடைத்தெருவில் யாரோ ஓர் அரசியல்வாதியை வரவேற்க, வைக்கோலைக் கொளுத்தித் தப்புப் பறையைக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். சூடேறிய தோலின் அந்த வாசனையில், மண்சரிவு கொண்டுபோன, தேயிலைத் தோட்டத்து வரிசைவீடுகளான எங்கள் லயமும், ஈரச் சாக்குகள் காயும் அதன் வாசலும், கொழுந்துக்கூடைகள் சுவரில் உரசும் சத்தமும் எனக்குள் திரும்பி வந்தன. புகழ், கீர்த்தி என்ற சொற்களை எங்கள் வீட்டில் முதன்முதலாகப் புத்தகத்தில் படித்தவன் நான். லயத்திலோ கண்பட்டுவிடும் என்று யாரையும் முகத்துக்கு நேரே புகழமாட்டார்கள், அதையெல்லாம் ஒப்பாரிக்கென்றே சேர்த்து வைத்திருந்தார்கள். ஆயுள் முழுக்கக் கங்காணியின் "டேய்"க்கு ஓடிய அப்பா, பாடையில் கிடந்தபோதுதான் ஒப்பாரி வைத்த லயத்துப் பெண்களின் வாயில் "ஊராண்ட மவராசா" ஆனார்.

மண்சரிவுக்குப் பிறகு அந்தப் பெண்கள் திசைக்கொருவராகப் போய்விட்டார்கள். டவுனில் வாடகை அறையில் படுத்த படுக்கையாகக் கிடக்கும் அம்மாவிடம் தப்பு பார்த்ததைச் சொன்னேன்.

"நான் போனா யாருடா ஒப்பாரி பாடுவா?" என்றாள்.

"நான் இருக்கேன்லம்மா."

"கிழிச்ச! நீ படிச்சவன். ஒனக்கு அழுகவே வெக்கமா இருக்கும்."

சிரித்துச் சிரித்து இருமினாள். உயிரோடு இருக்கும்போதே ஒரு தடவை "மவராசி" என்று அவளிடம் சொல்லிவிட வாயைத் திறந்தேன். கண்பட்டுவிடுமோ என்று பயமாக இருந்தது. கஞ்சியை ஆற்றிக் கொடுத்தேன்.