மடங்காத விரலும் டாக்டர் மேசையும்

எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அணைத்துச் சொல்கிறேன்: இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் கிடையாது! வக்கீல் குமாஸ்தா வேலையில் கட்சிக்காரன் பொய் சொன்னால் சமாளித்துவிடலாம். அவன் வீறாப்பாக உண்மையைச் சொல்லும்போதுதான் நமக்கு மயக்கம் வரும். யாருக்காவது நல்லது செய்யப்போய் முழி பிதுங்கிய அனுபவம் உங்களுக்கும் இருக்குமே, கேளுங்கள். கடலூரில் ஒரு வக்கீலம்மாவிடம் நான் குமாஸ்தா. 2006-இல் கலியமூர்த்தியின் கேஸ் வந்தது.

இல்லாத ஆள்

கலியமூர்த்தி சேத்தியாத்தோப்பில் ஒரு ரைஸ் மில்லில் மூட்டை தூக்குகிறவன். ஒரு தோளில் மூட்டை, மறு தோளில் முதலாளியின் மச்சான் என்று ஒரே நடையில் தூக்கிப் போனவன். லாரியில் அடுக்கியிருந்த மூட்டைகள் சரிந்து வலது கை நசுங்கியது. சிதம்பரத்தில் ஆபரேஷன் செய்து விரல்களைக் காப்பாற்றிவிட்டார்கள். ஆனால் ஒன்றும் மடங்காது. மகள் அப்போதுதான் நர்சிங் சேர்ந்திருந்தாள். இழப்பீடு வராவிட்டால் படிப்பு பாதியில் நின்றுவிடும்.

அவன் மனைவி செல்வியோடு மில்லுக்குப் போய்க் கேட்டேன். முதலாளி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “கலியமூர்த்தியா? அப்படி ஒரு ஆளே நம்ம மில்லுல கிடையாதே” என்றார். செல்வி விடவில்லை: “பொங்கலுக்கு நீங்க குடுத்த வேட்டியத்தான் கட்டிக்கிட்டுப் படுத்திருக்காரு. இல்லாத ஆளுக்கு எதுக்கு மொதலாளி வேட்டி எடுத்தீங்க?”

டாக்டர் ரூமில் வீரம்

விரலே போயிருந்தால் எவ்வளவு பாதிப்பு என்று சட்டத்திலேயே இருக்கிறது. விரல் இருந்தும் மடங்காவிட்டால், சம்பாதிக்கும் சக்தி எவ்வளவு போனது என்று டாக்டர்தான் எழுதித் தர வேண்டும். “முடியாததை முடியாதுன்னு சொல்லுடா” என்று படித்துப் படித்துச் சொல்லி அனுப்பினேன். மூட்டை தூக்குகிறவனிடம் போய் இப்படிச் சொல்வதும் மீசையை எடு என்பதும் ஒன்றுதான்.

“வெயிட் தூக்க முடியுதாப்பா?” என்றார் டாக்டர், சாதாரணமாக. இவன் குனிந்து முன்னங்கைகளை அவருடைய மேசைக்கு அடியில் கொடுத்தான். மேசை எழுந்தது. போன உயரத்தைப் பார்த்து டாக்டரே எழுந்து ஃபேனை நிறுத்தினார். மேலே இருந்த டீ ஒரு சொட்டு சிந்தவில்லை. மேசையைத் தூக்கினான், பாதிப்பு சொற்பம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். நான் வெளியே தலையில் அடித்துக்கொண்டு நின்றால் அவன் முகமெல்லாம் சிரிப்பு: “என்ன மாமா நீங்க? வாசல்ல நாலு பொம்பளைங்க உக்காந்திருக்காங்க. அவுங்க காதுல உழற மாதிரி முடியலன்னு எப்படிச் சொல்றது?”

கொக்கி

விசாரணையில் மில் வக்கீல் அந்த மேசையைத்தான் பிடித்துக்கொண்டார். மேசையைத் தூக்குகிறவன் மூட்டையைத் தூக்க மாட்டானா என்றார். செல்வி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்படி ஒரு ஆளே இல்லை என்று சாட்சி சொல்ல முதலாளியும் வந்திருந்தார். எங்கள் வக்கீலம்மா அவரிடம் தேனாகக் கேட்டார்: “கைக்கு ஒன்னும் இல்லன்னு உங்க வக்கீல் சொல்றாரு. நாளைக்குக் காலையில அனுப்பறோம், மூட்டை தூக்க வெச்சுக்குவீங்களா?”

முதலாளி பதறிவிட்டார். “ஐயையோ, வேணாங்க! கொக்கி போட்டு இழுத்தாத்தான் மூட்டை தோளுக்கு ஏறும். கொக்கியப் புடிக்க அவனுக்கு விரல் மடங்கணுமே! முன்ன மாதிரி இருந்தா நானே வீட்டுக்குப் போய்க் கூட்டியாந்திருப்பேன். நம்ம மில்லுல அவன மாதிரி ஆளு ஏது?”

மில் வக்கீல் கண்ணை மூடிக்கொண்டார். விசாரணை அதிகாரி டாக்டரை மறுபடி வரவழைத்தார். கொக்கி பிடிக்கும் வேலைக்கு இந்தக் கை உதவாது என்று அவரும் சொன்னார். இழப்பீடு கொடுக்கச் சொல்லி உத்தரவானது. மகள் படிப்பு நிற்காது என்று செல்வி அழுதாள். கலியமூர்த்தி மட்டும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு என்னிடம் வந்தான்: “கேட்டீங்களா மாமா? என்ன மாதிரி ஆளு ஏதுன்னு மொதலாளி வாயாலயே சொல்லிட்டாரு!”

ஆக, தொழிலாளியின் பெருமை கவிழ்த்த கேஸை முதலாளியின் பெருமை ஜெயித்துக் கொடுத்தது. அந்தக் கேள்வியை வக்கீலம்மா காதில் ஓதியவன் நான்தான் என்று நானே சொன்னதாக மட்டும் யாரிடமும் சொல்லிவிடாதீர்கள், அந்தம்மா இன்னும் கடலூரில்தான் இருக்கிறார்.