மரத்துப்போன நாக்கோடு பெண் பார்த்தது

பிள்ளைகளே, உங்கள் அம்மாவைப் பெண் பார்க்க நான் குடித்துவிட்டுப் போனதாக அவளுடைய தாய்மாமன் சொல்லும் கதையை அரைகுறையாகக் கேட்டிருப்பீர்கள். நடந்ததை நானே எழுதிவிடுகிறேன்.

அப்போது நாங்கள் திண்டிவனத்தில் இருந்தோம். பெண் வீடு விழுப்புரம். முதல் நாளே எனக்குக் கீழ்க் கடைவாய்ப் பல்லில் வலி. காலை பஸ்ஸில் போய் இறங்கியதும் அப்பாவும் அம்மாவும் பெண் வீட்டுக்கு நடந்தார்கள். நான் ரயிலடிப் பக்கம் இருந்த பல் டாக்டரிடம் ஓடினேன். அவர் பீரோவின் பூட்டைத் திறந்து ஒரு சின்னப் புட்டியை எடுத்து, பஞ்சில் நனைத்து ஈறில் தடவினார். பிறகு ஊசி. பல்லைப் பிடுங்கியதே தெரியவில்லை. பல் போன சங்கதியைப் பெண் வீட்டில் சொல்லாதே, வயசான மாப்பிள்ளை என்று நினைப்பார்கள் என்று அம்மா சொல்லி அனுப்பியிருந்தாள்.

அந்த வாயோடு போய் உட்கார்ந்தேன். பாதி நாக்கும் கீழுதடும் என்னுடையவையாகவே இல்லை. காப்பி வழிந்து வேட்டியில் சொட்டியது. என்ன வேலை என்று கேட்டார்கள். நான் சொன்ன பதில் எனக்கே விளங்கவில்லை. மதுவிலக்கு இருந்த காலம் அது. குடிகாரன் என்று பேர் வந்தால் யாரும் பெண் கொடுக்கமாட்டார்கள். தாய்மாமன் பக்கத்தில் வந்து மோந்து பார்த்தார்.

“இன்னா தம்பி, காலையிலயே ஊத்திக்கினு வந்துட்டியா?”

வேறு வழியில்லாமல் வாயைத் திறந்து குழியைக் காட்டினேன். அவர் நம்பவில்லை. பல் பிடுங்கினால் நாக்கு ஏன் குழற வேண்டும், அந்த டாக்டர் ஏதோ போதை வஸ்து கொடுத்திருக்கிறான் என்று என் கையைப் பிடித்து டாக்டரிடமே இழுத்துப் போனார். சம்பந்தம் கைவிட்டுப் போனது என்றே நினைத்தேன்.

டாக்டர் ஒன்றையும் மறைக்கவில்லை. ஈறில் தடவியது கொக்கெயின்தான், போதைக்காகவும் அதைத் தேடி அலைகிறார்கள், அதனால்தான் பூட்டி வைத்திருக்கிறேன் என்றார். மாமன் முகம் இறுகியது. டாக்டர் அவரை நாக்கை நீட்டச் சொல்லி, வேறு பஞ்சில் அதே மருந்தை ஒரு துளி தொட்டு வைத்தார். கொஞ்ச நேரம் போனது.

“நாக்கு இருக்குதா?”

“இல்ல சார்.”

“தலை சுத்துதா?”

“அதுவும் இல்ல.”

“அவ்ளோதான். இவருக்கும் அப்படித்தான்.”

வலி என்பது நரம்பு வழியாக மூளைக்குப் போகும் சேதி; மருந்து பட்ட இடத்தில் அந்தச் சேதி நகராது. அதே மருந்து அளவு மீறி ரத்தத்தில் கலந்து மூளைக்கு ஏறினால் அங்கே அது செய்யும் வேலை வேறு, போதை அதுதான் என்றார். ஊசியில் போட்டது அதற்கு மாற்றாகச் செய்த மருந்தாம்; மரத்துப்போக வைக்கும், கிறங்க வைக்காது. நரம்பில் உப்பின் நுண்துகள்கள் நுழையும் வாசல்கள் உண்டு, அவை நுழைந்தால்தான் சேதி நகரும், அந்த வாசல்களைத்தான் மருந்து அடைக்கிறது என்று பிற்பாடு எங்கோ படித்தேன்.

திரும்பும் வழியில் மாமன் வெற்றிலை போட்டார். சாறு வழிந்து சட்டையெல்லாம் சிவப்பு. அவருக்குத் தெரியவேயில்லை. வீட்டுக்குள் நுழைந்ததும் கதவுக்குப் பின்னாலிருந்து உங்கள் அம்மாதான் கேட்டாள்:

“மாமா, உங்களுக்கு யாரு ஊத்திக் குடுத்தாங்க?”

அவரே முதலில் சிரித்தார். தட்டு மாற்ற அப்போதே நாள் பார்த்தார்கள். பெண் பிடித்திருக்கிறதா என்று என்னிடம் யாரும் கேட்கவில்லை.

சாயங்காலம் அப்பாவையும் அம்மாவையும் பஸ்ஸில் உட்கார வைத்துவிட்டு, ஆளில்லாத பின்பக்கம் போனேன். உதடு எனக்குத் திரும்பியிருந்தது. “பொண்ணு புடிச்சிருக்கு” என்று ஒருமுறை வாய்விட்டுச் சொன்னேன்.