காதருகே ஒரு கொலுசு

வலது காதுக்குப் பக்கத்தில் கொலுசைப் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு இரண்டு உலுக்கு. முகம் சுளித்தால் அந்த ஜோடி அன்றைக்கு வெளியே போகாது. சலங்கை ஒன்றைக் கழற்றி, உள்ளே உருளும் முத்தை மாற்றி, மறுபடியும் காதருகே கொண்டுபோவார் வசந்தாமணி. எதிர்வீட்டு மாடியில் குடியிருக்கும் எனக்கு இந்தக் காட்சி காலைக் காப்பியோடு சேர்ந்தே கிடைத்துவிடுகிறது.

கொண்டப்பநாயக்கன்பட்டியில் ஏற்காட்டுக்கு வண்டிகள் ஏறுகிற சாலையை ஒட்டி அவர் வீடு. முன்னறைதான் பட்டறை. வெள்ளிக் கம்பி இழுப்பது, வளையம் கோப்பது, பற்றவைப்பது எல்லாம் அவரேதான். டிசைனும் அவருடையதே. அதைத் தாளில் வரைகிற வழக்கம் கிடையாது. விடிந்ததும் வாசலில் கோலமாகப் போட்டுவிடுவார். இழை சங்கிலி, புள்ளி சலங்கை. போட்டுவிட்டு ஒன்றும் அறியாதவர் போல உள்ளே போய் உட்கார்ந்துகொள்வார். தெருவில் போகிறவர்கள் மிதித்துக்கொண்டு போனால் அந்த டிசைன் அவ்வளவுதான். ஒதுங்கிப் போனால் தேறிவிட்டது. மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவுகளைக் கோலமாகப் போட்ட அன்று, பால்காரர் வண்டியிலிருந்து இறங்கி ஓரமாக உருட்டிக்கொண்டு போனார். அந்த மாதிரிக்கு இன்னும் ஆள் வருகிறது.

கொலுசு கேட்டு வருகிறவரை முதலில் நடக்கச் சொல்வார். அளவு நூலெல்லாம் அப்புறம். "பஸ்ஸைப் புடிக்கற மாதிரி வேண்டாஞ் சாமி, ஊட்டுக்குள்ள நடக்கற மாதிரி நடங்க" என்பார். பூனை நடைக்காரர்களுக்குச் சலங்கை கூடும். தடதடவென்று நடப்பவர்களுக்குக் குறையும். எனக்கு மூன்றே மூன்றுதான் போட்டார். "உங்க நடைக்கு அதுவே ஜாஸ்திங்க அக்கா" என்றார். ஒரு வாரம் நான் அவரோடு பேசவில்லை. அவர் அதைக் கவனித்த மாதிரியே தெரியவில்லை.

அவரிடம் கேட்கக் கூடாதது ஒன்று உண்டு. சத்தமில்லாத கொலுசு. கல்லூரிப் பேராசிரியை ஒருவர் அப்படிக் கேட்டு வந்தபோது, மோர் கொடுத்து, மின்விசிறியைத் தட்டிவிட்டு, நன்றாக உபசரித்துத் திருப்பி அனுப்பினார். "சத்தமில்லாட்டி அது கொலுசுங்களா? கால்ல கட்டுன கயிறுங்க."

போன மாதம் அவருடைய மகள் மதுமதிக்கு அஸ்தம்பட்டியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை கிடைத்தது. தீவிர சிகிச்சைப் பிரிவு. முதல் நாளே கொலுசைக் கழற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டு வந்து நின்றாள்.

"சத்தம் வர்ற எதுவும் அங்க ஆகாதாம்மா. பாவம், கண்ணசந்தவங்க முழிச்சுக்கறாங்க."

நடக்கப் பழகிய நாளிலிருந்து வெறுமையாக இருந்தறியாத கால் அது. வசந்தாமணி அன்று மாலை என்னிடம் வந்து, "ஊர்ப் புள்ளைங்களுக்கெல்லாம் போட்டு உடறேன், எம்புள்ள கால் மொட்டையாக் கெடக்குதுங்க அக்கா" என்றார். கண் கலங்கியிருந்தது.

மகளின் பழைய கொலுசில் சலங்கை ஒவ்வொன்றுக்குள்ளும் மெழுகை உருக்கி அடைத்துப் பார்த்தார். முத்துகள் வாயடைத்தன. ஆனால் மதுமதி நான்கு எட்டு வைத்ததும் சலங்கைகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு முணுமுணுத்தன. "பாத்தியா, அதுக்கே சும்மா இருக்க மனசில்ல" என்று அந்த வருத்தத்திலும் கொஞ்சம் பெருமையோடு சொன்னார்.

"உடும்மா. கல்யாணங்காட்சிக்குப் போட்டுக்கறேன்" என்றாள் மகள். ஆறுதலாகச் சொன்னதுதான். அதற்குப் பிறகு இரண்டு நாள் பட்டறையில் விளக்கு எரியவில்லை.

மூன்றாம் நாள் காலை வாசலில் ஒரு கோலம் கிடந்தது. கொடி மாதிரி வளைந்து வளைந்து போகிற இழை மட்டும்தான். புள்ளி ஒன்றுகூட இல்லை. வேலைக்குக் கிளம்பி வேகமாக வந்த மதுமதி, படியிலேயே நின்று அதைப் பார்த்தாள். பிறகு சுடிதாரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சுவரோரமாகவே நடந்து போனாள். உள்ளே பட்டறை அடுப்பைப் பற்றவைக்கிற ஓசை கேட்டது.

அந்தக் கொடிக் கொலுசு இன்று காலை முடிந்தது. மகள் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள். வசந்தாமணி பழக்கதோஷத்தில் கொலுசை வலது காதருகே கொண்டுபோய், கண்ணை மூடி, இரண்டு முறை உலுக்கினார். ஒன்றும் கேட்கவில்லை. இன்னொரு முறை பலமாக உலுக்கினார். பிறகு, முகம் சுளிக்காமல் படியில் உட்கார்ந்து, மகளின் காலை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.