கால்டர்ஷாவின் இடது விங்கர்

நெவில் தாக்ரேவின் அப்பா பஸ் ஓட்டுநர். மில் வாசலிலிருந்து மேட்டுத்தெரு வரை அவர் ஓட்டும் பஸ் மேடு ஏற, அதன் பக்கத்திலேயே நெவில் ஓடி வருவார். ஜன்னலுக்கு ஜன்னல் தலை நீட்டி ஜனங்கள் கூச்சல் போடுவார்கள். ஒருநாள் அந்த பஸ்ஸில் கால்டர்ஷா கால்பந்து கிளப்பின் பயிற்சியாளர் இருந்தார்.

"யார் அந்தப் பையன்?"

"என் மகன்தான். உள்ள ஏறினா டிக்கெட் கேப்பேன்னு ஓடுறான்."

அடுத்த பருவத்தில் நெவில் இடது விங்கர் ஆகிவிட்டார். மூன்றாம் டிவிஷன்; கணுக்கால் வரை சேறு; சனிக்கிழமை தோறும் மழை. பந்தை வாங்கினால் மைதானத்தின் இடது ஓரக் கோட்டை ஒட்டியே பறப்பார். பந்து போனால் இடுப்பில் கைவைத்து நின்றுவிடுவார். "நெவில், நம்ம கோல் இந்தப் பக்கம் இருக்குடா!" என்று மைதானமே கத்தும். அவர் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்.

அவரை நிறுத்தத் தெரிந்த ஒரே ஆள் பக்கத்து ஊர் டிஃபெண்டர் பெர்னார்ட் ஸ்கோலி. நிறுத்துவது என்றால், உதைத்து நிறுத்துவது. ஸ்கோலியோடு ஆடிய சனிக்கிழமைகளில் நெவிலின் மனைவி எய்லீன் ஐஸ் கட்டியைத் தயாராக வைத்துவிட்டுத்தான் மேட்சுக்கே வருவாள்.

முப்பது வயதில் ஒரு டிசம்பர் ஆட்டத்தில் நெவிலின் முழங்கால் போனது. அன்று ஸ்கோலி அவரைத் தொடவே இல்லை. ஈரப் புல்லில் தானாகவே வழுக்கி விழுந்தார். ஆனால் பக்கத்தில் நின்றது ஸ்கோலி. ஊருக்கு அது போதுமாக இருந்தது. அதன் பிறகு ஸ்கோலி அந்த மைதானத்தில் கால் வைத்த போதெல்லாம் ஊளைதான்.

ஓட்டம் போனபின் நெவில் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தார். "மெதுவா, மெதுவா" என்று அவர் சொல்வதைக் கேட்டு ஊர் சிரித்தது. வருஷங்கள் ஓடின. நெவிலுக்கு அறுபது வயதானபோது ஒரு புது மாணவர் வந்து காரில் ஏறினார். ஸ்கோலி!

"என் வீட்டுக்காரி ஷீலாதான் கார் ஓட்டுவா. அவ போய்ச் சேந்துட்டா. பொண்ணு விட்பியில இருக்கா. பஸ்ஸுல போனா ஒருநாள் வீணாகுது."

"சரி, சீட் பெல்ட்டப் போடு."

முதல் வளைவில் ஸ்கோலி மிதித்த மிதியில் இருவரின் மூக்கும் கண்ணாடியைத் தொட்டுவிட்டு வந்தது.

"யோவ், பிரேக்க மெதுவாத் தொடுய்யா! அது என்ன, என் கணுக்காலா?"

ஸ்கோலி விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு காரை ஓரம் கட்டச் சொல்லாமலேயே ஓரம் கட்டினார்.

"அன்னிக்கு நான் உன்னத் தொடல, நெவில்."

"தெரியும்."

"நாலு பேர்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"அதுக்கு முன்னாடி நீ உதைச்ச உதைக்கெல்லாம் சேத்து அதுல கணக்குத் தீத்துக்கிட்டேன்."

ஸ்கோலி இந்தமுறை சிரிக்கவில்லை. "என் பொண்ண ஸ்கூல்ல அதச் சொல்லியே அழ வெச்சாங்கப்பா," என்றார்.

அன்றிரவு நெவிலுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. விஷயத்தைக் கேட்ட எய்லீன், "இதுக்கு நீ அவன நாலு உதை திருப்பி உதைச்சிருக்கலாம்," என்று தட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

மாதக் கடைசியில் பழைய ஆட்டக்காரர்களை கிளப் கௌரவித்தது. அன்றைய ஆட்டத்தின் இடைவேளையில் நெவில் மைக்கை வாங்கினார். கூடவே ஸ்கோலியையும் கையைப் பிடித்து இழுத்து வந்திருந்தார்.

"இந்த ஆளு என்னத் தொடல. நானா வழுக்கி விழுந்தேன். இத்தனை வருஷம் சொல்லாம விட்டது என் தப்பு."

கோலுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்: "அப்ப மத்த உதையெல்லாம்?"

"அதெல்லாம் அவன்தான்!"

அவ்வளவுதான், நாலு பக்கமும் ஊளை கிளம்பியது. சிரிப்பும் ஊளையுமாகக் கூரை அதிர்ந்தது. ஸ்கோலி தொப்பியைக் கழற்றி நாலு பக்கமும் தலை குனிந்து வணங்கினார். அவர் கண்ணெல்லாம் தண்ணீர்.