திரைக்குக் கீழே இருந்த பதினேழு பேர்

போன மாதம் ஒரு நாள் காலை ஒன்பது மணிக்குப் பர்வீனின் அண்ணன் தொலைபேசியில் அழைத்தார். உத்திரமேரூர் பஜாரில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கும் குடும்பம். உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். “பர்வீன் மவுத்தாயிட்டா அண்ணே. லுஹர் தொழுகைக்கு அப்புறம் அடக்கம்” என்றார். பர்வீனுக்கு நாற்பத்தொரு வயது. சிறுநீரகம் பழுதாகி இரண்டு ஆண்டுகளாகச் சிகிச்சையில் இருந்தார். நான் அவரைவிடப் பதினைந்து வயது மூத்தவன், அவருக்கு முன்பே கணினி நிரல் எழுதத் தொடங்கியவன், மூக்குக்கு மேல் கோபம் வருகிறவன். யாரையும் எளிதில் பாராட்டி எனக்குப் பழக்கமில்லை. பர்வீன் ஒருவரிடம்தான் வாயடைத்து நின்றிருக்கிறேன். அது எப்படி என்று அவரை அறிந்தவர்களுக்குச் சொல்லிவிட வேண்டும்.

எங்கள் ஏரிப் பாசன சங்கத்துக்கு முறைத் தண்ணீர்ப் பட்டியலுக்கான நிரலை நான் எழுதியிருந்தேன். படமோ வண்ணமோ இல்லாத, வெறும் எழுத்துத் திரை. மடையருகே சிக்னல் ஒரு கோடு வந்தாலே பெரிது. அதில் எழுத்து மட்டும்தான் ஒழுங்காக வந்து சேரும். மடை திறப்பவர் கைப்பேசியில் பட்டியலைப் பார்த்து, வரிசைப்படி ஒவ்வொரு வயலுக்கும் தண்ணீர் விடுவார். எங்கள் கால்வாயில் நாற்பத்தேழு பெயர்கள். அலுவலகத்துப் பெரிய திரையில் எல்லாமே தெரிந்தன. சங்கத்தார் கைதட்டினார்கள், நானும் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

கைப்பேசித் திரையில் முப்பது வரிதான் பிடிக்கும் என்பதை நான் யோசிக்கவில்லை. மிச்சம் பதினேழு வரிகளை எழுத இடமில்லை என்று கணினி ஒவ்வொரு முறையும் பிழை சொல்லியிருக்கிறது. அந்தப் பதிலை நான் வாங்கிப் பார்க்கவே இல்லை. மடை திறப்பவர் அந்த ஆண்டுதான் வேலைக்கு வந்தவர். முப்பதாவது பெயரோடு பட்டியல் முடிந்தது என்று நினைத்து, தண்ணீரை அடுத்த கால்வாய்க்குத் திருப்பிவிட்டார்.

முதலில் என்னைத் தேடி வந்தவர் ஏகாம்பரம். கடைமடையில் ஒன்றரை ஏக்கர் வைத்திருப்பவர். பட்டியலிலும் அவர்தான் கடைசி. நான் அவர்மீதே பாய்ந்தேன், சங்கத்தில் பெயரைச் சரியாகப் பதிந்திருக்க மாட்டீர்கள் என்று. அவர் குரலை உயர்த்தவில்லை. “நெலம் கீது சார், நாத்து கீது, எம்பேரு மட்டும் எங்க போச்சு?” என்று கேட்டார். கோப்பைத் திறந்து பார்த்தேன். அவர் பெயர் அதில் பத்திரமாக இருந்தது. அதற்குள் அவர் நட்ட பயிரில் பாதி காய்ந்துபோயிருந்தது. அந்த வெட்கம் இன்றுவரை என்னை விட்டுப் போகவில்லை.

அப்போதுதான் பர்வீன் சென்னை வேலையை விட்டு ஊருக்கு வந்து, அண்ணன் கடையில் உட்கார்ந்து வெளியூர்க் கம்பெனிகளுக்கு நிரல் எழுதிக்கொண்டிருந்தார். வேறு வழியில்லாமல் ஏகாம்பரத்தையும் கூட்டிக்கொண்டு அங்கே போனேன். நான் சொன்னதைக் கேட்டுவிட்டுப் பர்வீன் கணினியைத் தொடவே இல்லை. ஆணி வந்த அட்டைப் பெட்டியின் மூடியை எடுத்து, நடுவில் செவ்வகமாக ஒரு துளை வெட்டினார். பில் போடும் இயந்திரத்தின் நீளச் சுருளில் நாற்பத்தேழு பெயர்களையும் எழுதினார். அதன்மேல் அட்டையை வைத்து என்னிடம் தள்ளினார்.

“திரை சின்னதா கீதுன்னு பட்டியல ஏண்ணே வெட்டறீங்க? அது முழுசா பின்னால இருக்கட்டும். ஜன்னல நகத்துங்க.”

திரைக்கு வெளியே, நினைவகத்தில், வேண்டிய நீளத்துக்கு ஒரு தாளை வைத்துக்கொள்ளலாம். நிரலர்கள் அதைப் ‘பேட்’ என்பார்கள். தாளில் எந்த இடத்திலிருந்து காட்டுவது என்பதற்கு இரண்டு எண்கள், திரையில் எந்தக் கட்டத்துக்குள் காட்டுவது என்பதற்கு நான்கு எண்கள். இதெல்லாம் நானும் படித்ததுதான். ஆனால் ஏகாம்பரம் அந்த அட்டையை வாங்கி, மெதுவாகக் கீழே நகர்த்தி, தன் பெயர் துளைக்குள் வந்ததும் விரலை வைத்து நிறுத்தியபோதுதான் எனக்குப் புரிந்தது. அன்று மாலைக்குள் பர்வீன் நிரலை முழுவதும் மாற்றி எழுதிவிட்டார். மறுநாள் பதினேழு பேருக்கும் தண்ணீர் போனது, ஏகாம்பரத்தின் மீதிப் பயிர் பிழைத்தது.

இன்னொரு நாள் அதே நிரலில் ஒரு வசதி சேர்க்கிறேன் என்று கெடுத்து வைத்தேன். பட்டியல் நன்றாகத் தெரியும், பட்டனைத் தட்டினால் திரை வெறுமையாகிவிடும். இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டு, கடைசியில் அவரை அழைத்தேன். அவர் டயாலிசிஸ் படுக்கையில் இருந்தார் என்பது எனக்குத் தெரியாது. தட்டாத வரை நன்றாக இருக்கிறதா என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். “எந்தப் பட்டன் தட்டினாங்கன்னு யார்கிட்ட கேக்கறீங்க? தாளுக்கு வெளிய கீற முழுத் திரைகிட்டதானே? அது பதில் சொல்றதுக்கு முன்னாடி ஒரு தபா தன்னயே வெறுமையா வரைஞ்சிக்கும், பட்டியல் மறைஞ்சிடும். பேட்கிட்ட கேளுங்க.” நிரலைக் கண்ணால்கூடப் பார்க்காமல் சொன்னது இது. ஒரே ஒரு வரியை மாற்றினேன், சரியாகிவிட்டது. பின்னால் டயாலிசிஸ் விஷயம் தெரிந்தபோது, அந்த உடம்போடு இப்படி ஒரு தெளிவா என்று வியந்தேன்.

அவரை அடக்கம் செய்த மூன்றாவது வாரம் சங்கத்தில் புதிதாக ஒன்பது குடும்பங்கள் சேர்ந்தன. மறுநாள் காலை மடை திறக்க வேண்டும். பெயர்களைச் சேர்த்துவிட்டு நிரலை ஓட்டினேன். பட்டியல் வரவில்லை. மறுபடி ஓட்டினேன், வரவில்லை. இறந்துபோனவர் என்றும் பார்க்காமல் அவரைத் திட்டினேன். பிறகுதான் திரையின் மூலையில் இருந்த இரண்டு வரிகளைப் படித்தேன்.

“அண்ணே, எங்கியோ கை வச்சிட்டீங்க. கடைசிப் பேரு தாள்ல வர்ல.
அது வர்ற வரிக்கும் தொறக்க மாட்டேன்.”

பர்வீன் எப்போதோ நிரலுக்குள் எழுதி வைத்தது அது. பிறகு அவர் எழுதியதை வரிவரியாகப் படித்தேன். முதல் பெயரைக் காட்டுவதற்கு முன், நிரல் தாளின் கடைசி வரிக்குப் போகிறது. அங்கே எழுதியிருப்பதைத் திரும்ப வாசித்து, கோப்பின் கடைசிப் பெயரோடு ஒப்பிடுகிறது. பொருந்தாவிட்டால் யாருக்கும் எதையும் காட்டாது. தாளின் நீளத்தையும் பெயர்களை எண்ணியே முடிவு செய்யும்படி அவர் வைத்திருந்தார். வேகமாக ஓடும் என்று அதை நாற்பத்தேழு என்று நிலையாக மாற்றியவன் நான். போன ஆண்டு, அவரிடம் சொல்லாமல். நான் இப்படி ஏதாவது செய்வேன் என்று அவருக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது. அதற்காக என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை, காவல் மட்டும் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

அவர் எழுதியபடியே திருப்பி வைத்தேன். ஐம்பத்தாறு பெயர்களும் வந்தன. மறுநாள் தண்ணீர் ஏகாம்பரத்தின் வயலைத் தாண்டி, புதிதாகச் சேர்ந்த கடைசிக் குடும்பத்தின் வரப்பைத் தொடும்வரை அங்கேயே நின்றிருந்தேன். அந்த இரண்டு வரிகள் பேச்சுமொழியில் இருக்கின்றன, மாற்றிவிடலாமே என்று சங்கத்தில் ஒருவர் சொன்னார். முடியாது என்றேன். பர்வீனிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தப் பிடிவாதத்தைத்தான். கடைசிப் பெயர் வராத எதையும் இனி நானும் திறக்க மாட்டேன்.