மூன்றாம் ஞாயிற்று ஓலை

முன்னறையில் சாவிக்கொத்தை மேசைமேல் தட்டும் சத்தம் கேட்டது. இரண்டு தட்டு, சிறு இடைவெளி, மறுபடி இரண்டு தட்டு.

சமையலறையில் ஜெயசுந்தரியின் கை அப்படியே நின்றது. முன்பெல்லாம் அந்தச் சத்தம் ஓய்ந்ததும் இடுப்பு பெல்ட் கழலும்.

நாகம்மா பதறி உள்ளே வந்தாள். இருவரும் செகந்திராபாத்தை அடுத்த போலாரத்தில் ஒரு பள்ளி விடுதியில் ஆயாக்கள். ஒரே குவார்ட்டர்ஸில் குடியிருப்பு.

"உங்க ஊர் ஆளுன்னாரு அக்கா, உக்கார வெச்சிட்டேன். காலையில சர்ச்சுல நீ கை காட்டின மனுஷன்தானே? வாட்ச்மேனைக் கூப்பிடவா?"

"நக்கோ, வேண்டாம். நீ வாசல்ல நில்லு, போதும்."

அடுப்பில் காப்பி கொதித்தது. பால் பாத்திரத்தை எடுத்தவள், ஏதோ நினைத்து அதைத் திரும்ப மூடி வைத்தாள்.

வந்திருந்தவன் தியோடர், அவள் புருஷன். அரசாங்கத் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். செகந்திராபாத் சபைப் பாடகர் குழுவில் முதல் வரிசை. பாளையங்கோட்டையிலிருந்து தாலி கட்டி அழைத்து வந்தவளை அவன் அடித்த அடி வெளியே யாருக்கும் தெரியாது. ஒரு மழை நாளில் அவள் மணிக்கட்டை முறித்து, "இனி எங்க பார்த்தாலும் கொன்னுடுவேன்" என்று தெருவில் தள்ளினான். தாய் தகப்பன் இல்லாதவள் எங்கே போவாள்? போலாரம் விடுதி வார்டன் அம்மாள் இடம் கொடுத்தார். அன்றிலிருந்து அவள் செகந்திராபாத் பஸ் ஏறியதே இல்லை. தினமும் ஒரே ஜெபம்: "ஆண்டவரே, என்னை மறைச்சுக்கிடும்."

அவரும் மறைத்துத்தான் வைத்திருந்தார், அந்த ஓலை வாசிக்கப்படும் வரை.

அவர்கள் சபையில் கலியாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு கலியாண அறிவிப்பு ஓலை வாசிப்பார்கள். மாப்பிள்ளை சபையிலும் வாசிப்பார்கள், பெண் சபையிலும் வாசிப்பார்கள். தடை உள்ளவர்கள் சொல்லலாம் என்று போதகர் கேட்பார். யாரும் எழுந்ததில்லை. போலாரம் சபையில் சண்டே ஸ்கூல் நடத்தும் ஜூடித்துக்கு வரன் பேசி முதல் ஓலை வாசித்தபோது, "மனைவியை இழந்தவராகிய தியோடர்" என்றார் போதகர். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து தன் சாவை ஜெயசுந்தரி தன் காதால் கேட்டாள்.

அன்று பயம் வாயை அடைத்தது. ஆளில்லாத கோயிலில் அந்த வாரமெல்லாம் முழங்காலில் நின்றாள். கல்லறைக்குள் கிடந்தவனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு எழுப்பியவர் அல்லவா அவர்? ஜெபம் மாறியது. "மறைச்சது போதும் ஆண்டவரே. என்னையும் எழுப்பும்."

இரண்டாம் ஞாயிறு பயம் இல்லை. ஆனாலும் வாய் திறக்கவில்லை. மூன்றாம் வாரம் மாப்பிள்ளை வருகிறார் என்று ஜூடித்தின் அப்பா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். பயம் போன இடத்தில் வஞ்சம் வந்து உட்கார்ந்திருந்தது. ஜூடித் புதுச் சேலை நிறம் பற்றிப் பேசிச் சிரித்தபோது மட்டும் நெஞ்சு குத்தியது. ஆனாலும் காத்திருந்தாள்.

இன்று காலை அவன் முன் பெஞ்சில், புது கோட்டில் இருந்தான். போதகர் தடை கேட்டார். ஜெயசுந்தரி எழுந்தாள்.

"நான்தான் ஐயா அந்த இழந்த மனைவி. சாகல."

இப்போது காப்பியை எடுத்துக்கொண்டு முன்னறைக்கு வந்தாள்.

"நல்லா இருக்கியா, ஜெயா?"

"செத்தவளுக்கு என்ன குறை? குடிங்க."

ஒரு வாய் குடித்து முகம் சுளித்தான். "பால் இல்லையா?"

"சாவு வீட்டுல கடுங்காப்பிதான்."

அவன் டம்ளரை வைத்தான். "எதுக்கு இந்த வேலை பண்ணே? என் மானமே போச்சு. சாயங்காலம் ஜூடித் வீட்டுக்குப் போதகர் வாராரு. நீயும் வா. ஆள் தெரியாமச் சொல்லிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிரு."

"ஆள் தெரியாமத்தான் இது ஒடிஞ்சுதோ?" கோணலாகச் சேர்ந்திருந்த மணிக்கட்டை நீட்டினாள்.

சாவிக்கொத்து தட்ட ஆரம்பித்தது. இரண்டு தட்டு. இடைவெளி.

ஜெயசுந்தரி அந்தக் கோணல் கையையே சாவிமேல் வைத்து அழுத்தினாள். சத்தம் நின்றது. உள்ளுக்குள், 'ஆண்டவரே, பக்கத்துல நில்லும்' என்று மட்டும் சொல்லிக்கொண்டாள்.

"தட்டாதீய. இதுக்குப் பயந்தவ செத்துட்டா. ஊரெல்லாம் நீங்கதான சொன்னீய?"

அவன் கண்ணில் முதல்முறையாக ஈரம் பார்த்தாள். அது அவளுக்கு இனித்தது.

"ஜூடித்தோட அப்பா ஃபேக்டரியில புகார் கொடுக்கப் போறாராம். கூட வந்த பாட்டுக்குழுவில பாதிப் பேர் இப்பவே முகம் குடுக்கல. மன்னிக்கணும்னு வேதத்துல இருக்கே, ஜெயா."

"இருக்கு. ஆண்டவர்ட்ட கேளுங்க, தருவாரு. எங்கிட்ட இன்னைக்கு இல்ல. அந்தப் பிள்ளை ஜூடித்தை இன்னும் அதிகமா அழவிடப் போறேன்னு தெரிஞ்சும் ஒரு வாரம் காத்திருந்தேன். அதுக்கு நான் அவகிட்டயும் ஆண்டவர்ட்டயும் மன்னிப்பு கேட்டுக்கிடுதேன். ஒங்ககிட்ட கேக்க ஒண்ணும் இல்ல."

தியோடர் எழுந்தான். சாவியை எடுக்க வந்தவன், அவள் கை அதன்மேல் இருப்பதைக் கண்டு தயங்கினான். அவள் கையை எடுக்கும்வரை நின்றான். பிறகு சாவியை எடுத்துக்கொண்டு, பழக்கத்தில், "சரி, போயிட்டு..." என்று ஆரம்பித்தான்.

"சாவு வீட்டுல சொல்லிட்டுப் போகக் கூடாது. சொல்லாமப் போ."

கலியாணமான நாளிலிருந்து அவனை 'நீ' என்றது இதுதான் முதல் தடவை.

அவன் தலை குனிந்து படி இறங்கினான். நாகம்மா சேலை படாமல் ஒதுங்கி நின்று, பிறகு உள்ளே வந்தாள். ஜெயசுந்தரி கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.