பொற்கோயிலுக்குப் போய் வந்தவர்

தென்காசி ரயிலடி டீக்கடையில் காசிக்குப் போய் வந்த ஆள் என்றால் நான் ஒருவன்தான். கங்கைச் சொம்பு வாங்கி வந்து தெருவுக்கெல்லாம் தீர்த்தம் கொடுத்தவன். பட்டாளத்திலிருந்து எங்கள் தெருக்காரர் ஒருவர் ஊர் திரும்பும்வரைதான் அந்தப் பெருமை நிலைத்தது.

கறுப்பாய், நெட்டையாய், முறுக்கிய மீசையோடு இருப்பார். கூட இருந்த சீக்கியச் சிப்பாய்களோடு அமிர்தசரஸ் பொற்கோயிலுக்குப் போனவராம். அதைப் பற்றிப் பேசத் தொடங்கும்முன் தோளில் கிடக்கும் துண்டை எடுத்துத் தலையில் கட்டிக்கொள்வார். சாமி என்றால் நாமெல்லாம் தலைத்துண்டை அவிழ்ப்போம், இவர் அந்தக் கோயில் வழக்கப்படி கட்டுவார். அதைப் பார்க்கவே கடையில் கூட்டம் கூடியது. என் காசியை யாரும் கேட்பதில்லை.

ஒருநாள் வயிறெரிந்து கேட்டேவிட்டேன்.

"அவ்வளவு தூரம் போனீரே, அங்கனேருந்து என்னவே கொண்டாந்தீரு?"

"ஒண்ணும் கொண்டாரல அண்ணாச்சி. வாசல்ல உக்காந்து வாரவுக செருப்பத் தொடச்சு வச்சேன். அங்கன பெரிய பெரிய ஆளெல்லாம் அதச் செய்யுதாவ."

"அடுத்தவன் செருப்பையா?"

கடையே சிரிக்கட்டும் என்றுதான் சத்தமாகக் கேட்டேன். ஒருவரும் சிரிக்கவில்லை.

"ஆமா. உள்ள போய்க் கும்பிட்டுட்டு வந்து பாக்கேன், என் செருப்பையும் எவரோ தொடச்சு வச்சிருக்காவ. யாருன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது."

சொல்லிவிட்டுத் தலைத்துண்டை இறுக்கிக்கொண்டார்.

அந்த வெள்ளிக்கிழமை எங்கள் ஊர் விசுவநாதரைக் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தேன். என் செருப்பு விட்ட இடத்தில், விட்ட புழுதியோடு அப்படியே கிடந்தது. அதைப் பார்த்ததும் அந்த மனிதர்மேல் எனக்கு மூண்ட ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.